மறுக்க முடியாத மலையேற்றம்

ஊழியர்களை மலைக்கோ காட்டுக்கோ கூட்டிப்போய்க் கயிறு ஏறவும் தெப்பம் கட்டவும் வைத்தால் அவர்களுக்குள் ஒட்டுறவு வளரும் என்று நம்பி நிறுவனங்கள் தாராளமாகச் செலவு செய்கின்றன. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவனப் பங்குதாரர் லாரன்ஸ் ஹோல்டும் 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். போரில் கப்பல் மூழ்கினால் உயிர்காக்கும் படகில் தாக்குப்பிடிக்க இளம் மாலுமிகளைப் பழக்குவது அதன் முதல் வேலை. பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. எந்தக் கடலுக்காகப் பழகினார்களோ அந்தக் கடலுக்கே திரும்பினார்கள். இன்றைய அலுவலக முகாம் அந்தப் பயிற்சியின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை சுவர் ஏறிவிட்டுத் திங்கட்கிழமை திரும்புவது அதே மேசைக்குத்தான்.

ஆனாலும், சேர்ந்து பட்ட கஷ்டம் மனிதரைப் பிணைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. துடுப்பு இயந்திரத்தில் தனியாகப் பயிற்சி செய்த நாளைவிட, அதே அளவு உழைப்பைக் குழுவாகச் செய்த நாளில் அவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மொரீஷியஸில் இருக்கிறது. அங்குள்ள தமிழர்களின் தைப்பூசக் காவடியை மானுடவியலாளர் திமித்ரிஸ் ஸிகலடாஸ் குழுவினர் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். வலி கூடுதலாக இருந்தது என்று சொன்னவர்கள் இன்னும் அதிகமாகக் கொடுத்தார்கள். அலகு குத்திக்கொள்ளாமல் உடன் நடந்தவர்களிடமும் அந்தத் தாராளம் தெரிந்தது.

உடல்வருத்தப் பயிற்சிகளை ஆதரிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கேள்வி: அந்த வலியை யார் தேர்ந்தெடுத்தார்கள்? காவடி ஒருவர் தாமே நேர்ந்துகொண்டது. விரதமிருந்து, குடும்பமும் ஊரும் சூழ, தம் தெய்வத்துக்காக அவர் அதைச் சுமக்கிறார். இப்படிச் சூழ நிற்கும் உறவின் பங்கை, ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே கிராமத்துத் தீமிதியைப் பற்றி 2011-ல் வந்த ஆய்வும் காட்டுகிறது. தீ மிதித்தவரின் இதயத்துடிப்போடு, பார்த்துக்கொண்டிருந்த உற்றார் உறவினரின் துடிப்பு ஒத்துப்போனது. அந்நியப் பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. உறவு அங்கே முன்பே இருந்தது, நெருப்பு அதை வெளிக்காட்டியது. உறவே இல்லாத இடத்தில் நெருப்பை மட்டும் மூட்டினால் என்ன ஆகும்? 2022 ஜூனில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு நிறுவன நிகழ்ச்சியில் தணல் மீது நடந்த 25 பேருக்குக் காயம் ஏற்பட்டது. 13 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

"யாரையும் கட்டாயப்படுத்துவதில்லையே" என்பது வழக்கமான பதில். சாகசப் பயிற்சித் துறையே இந்தக் கொள்கையை வெகுநாளாகப் பேசிவருகிறது: எதுவரை போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவுசெய்ய வேண்டும். நல்ல கொள்கைதான். ஆனால் சம்பள உயர்வை முடிவுசெய்யும் மேலாளர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, பாதிக் கயிற்றிலிருந்து இறங்கிவிட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மூட்டு தேய்ந்தவர், ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பமான செய்தியை இன்னும் யாரிடமும் சொல்லாத பெண், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு இரண்டே வழிகள். அந்தரங்கத்தை அலுவலகம் முழுக்கச் சொல்ல வேண்டும், அல்லது உடம்பைப் பணயம் வைக்க வேண்டும். இரண்டுமே வேலை ஒப்பந்தத்தில் இல்லாதவை. நிறுவனத்தின் 'கேளிக்கை'க் கலாச்சாரத்தில் சேர மறுத்ததைக் காரணமாக்கி ஊழியரை நீக்கக்கூடாது என்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு மதுவிருந்துகளையும் வார இறுதிக் கூடல்களையும் பற்றியது. ஆனாலும் மறுப்பதற்கு நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது என்பதே 'விருப்பம்' என்ற சொல்லின் எடையைக் காட்டிவிடுகிறது.

இத்தகைய முகாம்களில் பதவி வேறுபாடு கரையும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. சேற்றில் வழுக்கி விழும் மேலாளர் அன்றைக்கு எல்லோரையும்போல ஒரு மனிதராகத் தெரிகிறார். அதே சேற்றில் உடல்வலுவை வைத்து வேறொரு வரிசையும் உருவாகிறது. மெதுவாக வருபவர் அதில் சுமையாகிறார். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில், அலுவலகச் சுற்றுலாவாக 15 பேர் 14,230 அடி உயர ஷவானோ மலைக்குப் போனார்கள். தனியாக உச்சி தொட்ட ஒருவர் இறங்கும்போது வழி தவறினார். பாறைப் பகுதியில் வழியடையாளமாக வைத்திருந்த பொருள்களை, முன்னே இறங்கிய சகாக்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். புயலடித்த அந்த இரவு முழுவதும் மலையில் கிடந்தவரை மறுநாள்தான் மீட்புக் குழு உயிரோடு கண்டெடுத்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. கடைசியாக வருபவர் வந்துசேரும்வரை காத்திருப்பது யாருடைய பொறுப்பு என்று தெளிவாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்தத் தெளிவு மலையில் பிறப்பதில்லை, அன்றாட வேலையில்தான் பிறக்கிறது. குழுக்கட்டமைப்புப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளிவந்த மதிப்பீடு, இலக்கை வரையறுப்பதும் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று தெளிவுபடுத்துவதுமே அதிகப் பலன் தந்ததாகச் சொன்னது. இதற்கு அலுவலக அறையும் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடையே கார்னெல் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. உயிரைப் பணயம் வைக்கும் வேலையைச் சேர்ந்தே செய்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்களிடையேகூட நன்றாகச் செயல்பட்ட குழுக்களோடு தொடர்புடையதாக அந்த ஆய்வு கண்டது, நிலையத்துச் சமையலறையில் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை.