பிடிஎஃப் 212, நஷ்டம் எவ்வளவு?

போன ஞாயிறு குற்றாலத்தில் நல்ல சாரல். தென்காசி வீட்டில் உட்கார்ந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் பண்ணினேன். உள்ளே 212 தமிழ் பிடிஎஃப், எல்லாம் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வந்தவை. சில பதிப்பாளர்கள் போடும் கணக்குப்படி இது 212 பிரதி நஷ்டம்.

அந்தக் கணக்கு தப்பு. சர்வருக்கு வரும் ஹிட் ஒவ்வொன்றையும் ஒரு வாடிக்கையாளர்னு எண்ணினா என் ஆபீஸில் சிரிப்பார்கள். 212-இல் நான் படித்து முடித்தது வெறும் 19.

"அப்ப நஷ்டமே இல்லை" என்பவர்கள் காட்டுவது, ஐரோப்பிய ஆணையத்துக்காக எகோரிஸ் நிறுவனம் 2015-இல் முடித்த ஆய்வை. 6 நாடுகள், சுமார் 30,000 பேர். 2017-இல்தான் வெளியே வந்தது. புதுசா வந்த பெரிய படங்கள் தவிர மற்றவற்றில், திருட்டுப் பிரதியால் விற்பனை குறைகிறது என்பதற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று இல்லை என்றது. ஆனால் சான்று கிடைக்காததால் பாதிப்பே இல்லை என்று ஆகாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதை யாரும் ஃபார்வேர்டு பண்றதில்லை.

அடுத்து வருவது 'பொன்னியின் செல்வன்'. மதுரைத் திட்டத்தில் முழுசா இலவசம், இருந்தும் கடையில் விற்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் கல்கியின் எழுத்து நாட்டுடைமை. நாட்டுடைமை ஆக்கும்போது அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தருகிறது. டெலிகிராம் அட்மின் யாருக்கு என்ன தந்தார்?

சரி, என் கணக்கையே பார்ப்போம். பிடிஎஃப்பில் ருசி கண்டு பிறகு காசு கொடுத்து வாங்கியது 3. பிடிஎஃப் கிடைத்ததால் வாங்காமல் விட்டது 4. கூட்டிக் கழித்தால் நஷ்டம் ஒண்ணே ஒண்ணு. சராசரி பார்க்கும் ஆய்வுக்கு இது கண்ணில்கூடப் படாது. ஆனா அந்த மூன்றும் ஏற்கெனவே பேர் வாங்கியவர்களுடையது. நான்கும் இப்போது எழுதிக்கொண்டிருக்கும், அதிகம் பேர் அறியாதவர்களுடையது. லாபம் ஒருத்தருக்கு, நஷ்டம் வேறொருத்தருக்கு.

அன்றைக்கே நாலுக்கும் ஆர்டர் போடப் பார்த்தேன். மூணு கிடைத்தது. நாலாவது அச்சில் இல்லையாம். முதல் பதிப்பு 300 பிரதி தீரவே 5 வருஷம் ஆச்சு, மறுபடி போட தைரியம் வரலைன்னார் பதிப்பாளர். அந்த பிடிஎஃப் வந்த குழுவில் 1,800 பேர் இருக்கிறோம். 1,800 பிரதி விற்றிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு பிரதி நிச்சயம் விற்றிருக்கும். அது நான் வாங்கியிருக்க வேண்டியது.