வளனின் ஐயம்

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களால் ஆயது. அதன் தலைவனாகிய வளனோ விவிலியத்தில் ஒரு சொல்லும் பேசாதவன். மத்தேயு அவனை நீதிமான் என்று சுட்டி அமைகின்றார். அந்நீதி யாது? தனக்குரிய மரியாள் கருவுற்றமை அறிந்தும், அவளை ஊரறியப் பழிப்படுத்தாது மறைவாக விலக எண்ணியமையே. மோசேயின் சட்டம் அத்தகு பிழைக்குக் கல்லெறிதலை விதித்திருந்தது. வானவன் கனவில் உண்மை உரைத்தது வளன் இங்ஙனம் துணிந்த பின்னரே. ஆதலின் அவன் நீதி உண்மையறிவுக்கு முற்பட்டது என்பது நம் கருத்து. முனிவர் இந்நிலையை ஐயந்தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டாக விரித்தார். பிறவிடங்களில் பெரும்பாலும் புகழுரையுள் மறையும் வளன் (காப்பிய மரபு அது) ஈண்டே நமக்கு அணுக்கனாகின்றான். கம்பனின் இராமன் மீட்சிப் படலத்துச் சீதையைப் பலர் கேட்கச் சுடுசொற் கூறினான். வளன் துயரோ அவன் நெஞ்சுள்ளேயே நின்றது.