எண்ணில் அடங்காத நல்வாழ்வு: கனடாவின் சமூக நல்வாழ்வுக் குறியீட்டெண் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கனடாவின் தொல்குடிச் சமூகங்களது வாழ்நிலையை மதிப்பிட அந்நாட்டு அரசு ‘சமூக நல்வாழ்வுக் குறியீட்டெண்’ என்னும் கூட்டுக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அஃது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைப்பும் பயனும்

கல்வி, தொழிலாளர் பங்கேற்பு, வருமானம், வீட்டுவசதி ஆகிய நான்கு கூறுகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. அவற்றின் சராசரியே 0 முதல் 100 வரையிலான குறியீட்டெண்ணாகும். 2011ஆம் ஆண்டில் முதற்குடியினர் சமூகங்களின் சராசரி 59. இனுவிட் சமூகங்களுக்கு 63. தொல்குடியல்லாத சமூகங்களுக்கு 79. முதற்குடியினருக்கும் தொல்குடியல்லாதோருக்கும் இடையே 1981இல் நிலவிய ஏறத்தாழ 20 புள்ளி இடைவெளி முப்பதாண்டுகளுக்குப் பின்னும் குறையவில்லை என்பதை இக்குறியீடு புலப்படுத்தியது. இப்பயன் மறுக்கத்தக்கதன்று.

குறைபாடுகள்

முதலாவதாக, சராசரி காணும் முறை ஒரு கூறின் தாழ்வை மற்றொன்றின் உயர்வால் மறைக்கிறது. கல்வியில் 80, வீட்டுவசதியில் 40 பெறும் ஊரும், கல்வியில் 40, வீட்டுவசதியில் 80 பெறும் ஊரும், ஏனைய கூறுகள் ஒத்திருப்பின், ஒரே மதிப்பெண்ணையே பெறும். அவற்றின் தேவைகளோ வேறுவேறு.

இரண்டாவதாக, இனுவிட் மக்கள் கடல்நாயும் துருவமானும் வேட்டையாடி உறவினரோடு பகிர்ந்துண்பது ஊதியம் பெறாத உழைப்பு. ஆகவே அது வேலையாகவோ வருமானமாகவோ கணக்கில் ஏறுவதில்லை.

மூன்றாவதாக, உடல்நலம், சுற்றுச்சூழல், மொழி, பண்பாடு ஆகியவை இதில் இடம்பெறவில்லை. கனடாவின் தலைமைத் தணிக்கையாளரது 2018ஆம் ஆண்டு அறிக்கையும் இதனைச் சுட்டியது. இவ்விடுபாடு சிறிதன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடியினரிடையே சாண்ட்லரும் லலோண்டும் நிகழ்த்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, தன்னாட்சி, நில உரிமைக் கோரிக்கை, கல்வி மற்றும் நலப்பணிகளின் மீதான கட்டுப்பாடு போன்ற பண்பாட்டுத் தொடர்ச்சிக் கூறுகள் மிகுந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை குறைந்திருந்ததைக் காட்டியது. உயிரிழப்போடு தொடர்புடைய இக்கூறுகளைக் கருதாத அளவீட்டை ‘நல்வாழ்வு’ என்னும் பெயரால் குறிப்பது பொருந்தாது.

முடிவுரை

மொழியை ஐந்தாம் கூறாகச் சேர்ப்பதனால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. கூறுகளைத் தெரிவதும் அவற்றுக்கு எடை வழங்குவதும் மதிப்பீட்டுச் செயல்களே. நான்குக்கும் சம எடை அளிப்பதும் ஒரு தீர்ப்பேயாகும். தம்மைப் பற்றிய தரவுகளின் உடைமையும் கட்டுப்பாடும் தமக்கே உரியவை என முதற்குடியினர் வலியுறுத்தி வருகின்றனர். அவ்வுரிமை அளவுகோலை வகுக்கும் நிலையிலேயே தொடங்குதல் வேண்டும். அதுவரை இவ்வெண்ணை நல்வாழ்வின் அளவாகக் கொள்ளாமல், சமூக, பொருளாதார இடைவெளியின் அளவாக மட்டுமே கொள்வது முறையாகும்.