முதல் பக்கத்துப் பெயர்கள்

பினாங்கில் யூதர்களைத் தேடிப் போகிறவருக்கு முதலில் அகப்படுபவை கற்கள்தாம். ஜார்ஜ்டவுனில், முன்பு யூதர் சாலை என்றிருந்த ஜாலான் ஜைனல் அபிதீனில், மதிலுக்குள் நூற்றுச் சொச்சம் கல்லறைகள். மிகப் பழையது 1835ஆம் ஆண்டினது. நாகூர் சாலை 28ஆம் எண்ணில் 1929இல் திறந்த ஜெப ஆலயம், கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் சேராமல் 1976இல் மூடப்பட்டது. பாக்தாத் வணிகர் வழிவந்த சமூகம் அது. குடும்பம் கப்பலேறினால் பிரார்த்தனை நூலும் கூடவே ஏறிவிடும்.

இப்படி ஊர் ஊராய்ச் சிதறிய பழைய எபிரேய நூல்களை வாங்கிச் சேர்த்து, முன்னால் யார் கையில் இருந்தவை என்று துப்புத் துலக்குகிறார்கள் சேகரிப்பாளர்கள். அச்சான பாடம் எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான்; ஓரத்துக் கையெழுத்து அந்த ஒரு பிரதிக்கே உரியது. உடையவர் பெயர், பிள்ளை பிறந்த நாள், தகப்பனார் இறந்த நாள், இத்தாலியப் பிரதியென்றால் திருச்சபைத் தணிக்கையாளரின் ஒப்பம். அண்டமெல்லாம் இறைவனுக்கே சொந்தம் என்று பக்தியோடு தொடங்கி, கையோடு தம் பெயரையும் போட்டுவைத்தவர்கள் பலர்! எந்த ஏடு யார் வீட்டுப் பிரதி என்று உ.வே.சா. தம் பதிப்புகளில் குறித்ததை அறிந்த நமக்கு இந்த அக்கறை புதிதல்ல.

இப்படித் துப்புத் துலக்குவதன் பயனுக்குப் பெரிய சாட்சி ஜெர்மனியின் ஆஃபன்பாக். நாஜிகள் கொள்ளையடித்த நூல்கள் 1946இல் அங்கே குவிந்தன. கிடங்கைக் கடந்துபோனவை முப்பது லட்சத்துக்கு மேல். பொறுப்பிலிருந்த ஐசக் பென்கோவிட்ஸ், நூலக முத்திரைகளைப் படமெடுத்துத் தொகுத்தார். எபிரேயம் ஓரெழுத்தும் தெரியாத பணியாளர்கள் முத்திரையின் வடிவத்தை வைத்தே நூல்களைப் பிரித்தார்கள். லட்சக்கணக்கானவை உரிய நாடுகளுக்குத் திரும்பின. முத்திரை சுரண்டப்பட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆனால் தனியார் சேகரிப்பில் இதே முறை சறுக்குகிறது. பாக்தாத் யூதர் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ஆகவே ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். கையெழுத்தும் கல்லறைப் பெயரும் ஒத்துப்போனதும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதுவது அவசரம். தகப்பன் பெயரும் காலமும் பொருந்தினால்தான் அது சான்று, மற்றதெல்லாம் ஊகம். கதை சேர்ந்தால் விலை ஏறும் என்பதால் ஊகத்தைச் சான்றாக்கும் ஆசை வியாபாரிக்கு உண்டு, சேகரிப்பவருக்கும் உண்டு. பெயர் எழுதாமலே ஆயுள் முழுக்க ஓதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்த வரலாற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள்.

உடையவரைக் கண்டுபிடித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 2003 மே மாதம் பாக்தாத் உளவுத்துறைத் தலைமையகத்தில், வெள்ளம் புகுந்த நிலவறையில் 2,700க்கு மேற்பட்ட யூத நூல்கள் கிடைத்தன. செப்பனிட அமெரிக்காவுக்குப் போயின. திருப்பித் தரும்படி ஈராக் கேட்கிறது. அங்கிருந்து வெளியேற நேர்ந்த யூதர்களோ கூடாது என்கிறார்கள். பெயர் தெரியும், முத்திரை தெரியும், யாரிடம் கொடுப்பது என்பதில்தான் வழக்கு. என் கட்சி வெளியேறியவர்களின் பக்கம். ஜெப ஆலய முத்திரை உள்ள நூல் அந்தச் சபையின் பொதுச்சொத்து. ஏலத்தில் பணம் கொடுத்தவர் அதற்குக் காவலர் மட்டுமே. முத்திரைப் பக்கத்தைப் படமெடுத்து எல்லோரும் பார்க்க வைக்க அவர் தயங்கினால், அவர் துப்பறிவதை ஆராய்ச்சி என்று நான் ஒப்பமாட்டேன்.