ஆணி இறங்காத சுவர்

கட்டடத்தையும் பிரதியாக வாசிக்கலாம் என்று நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. அந்தப் பிரதிக்குள் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது குறைவு. யேல் பல்கலைக்கழகத்தின் கலை-கட்டடக்கலைக் கட்டடத்தை எனக்கு இந்த இடத்திலிருந்துதான் படிக்கத் தோன்றுகிறது. (யேல் நமக்கு அந்நியப் பெயரில்லை. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக உட்கார்ந்து காசு பார்த்த எலிஹு யேல் அனுப்பிய சரக்குக்காகத்தான் 1718இல் அந்தக் கல்லூரி அவர் பேரைச் சூடிக்கொண்டது.)

1963இல் நியூ ஹேவனில் திறக்கப்பட்ட அதை வடிவமைத்தவர் பால் ருடால்ஃப். அங்கேயே கட்டடக்கலைத் துறையின் தலைவரும் அவர்தான். கேட்கிறவரும் அவர், கொடுக்கிறவரும் அவர். உள்ளே முப்பத்தேழு தரைமட்டங்கள். சுவரெல்லாம் வரிவரியாக வார்த்த கான்கிரீட். வார்த்த பிறகு அந்த வரிகளின் விளிம்பைத் தொழிலாளிகள் சுத்தியலால் கொத்தி உடைத்தார்கள். வெயில் சாய்ந்து விழுகிற புகைப்படங்களில் அது அழகுதான், மறுக்கவில்லை. கட்டடக்கலைப் புத்தகங்கள் அதை ருடால்ஃபின் சுவர் என்கின்றன. கொத்தியவனைப் பற்றிப் பேச்சில்லை.

அந்தச் சுவரில் கை உரசினால் சிராய்க்கும். ஆணி இறங்காது, படச்சீலை மாட்ட முடியாது. ஓவியக்கூடம் என்பது என்ன? மாறாத வெளிச்சம், டர்ப்பன்டைன் நெடி வெளியேறச் சன்னல், பாழானாலும் பரவாயில்லை என்கிற தரை, இரண்டடி பின்னால் போய் நின்று பார்க்க இடம், அடித்துப் பிடுங்கத் தோதான சுவர். இதில் காவியம் எதுவும் இல்லை. ருடால்ஃப் கட்டியதோ காவியம். ஓவிய மாணவர்களுக்கு உச்சியில் தாழ்ந்த கூரைக்கடியில் இடம். சிற்ப மாணவர்களுக்கு நிலத்தடி. நடுவிலிருந்த விசாலமான கூடம் கட்டடக்கலைக்காரர்களுக்கு. படிநிலை எங்கே போனாலும் நம்மை விடாது போலிருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் மாணவர்கள் கிடைத்த பலகையையும் அட்டையையும் வைத்துத் தடுப்புப் போட்டுத் தங்களுக்கு மூலைகள் உண்டாக்கிக்கொண்டார்கள். 1969 ஜூன் மாதம் கட்டடத்தில் தீப்பிடித்தது. மாணவர்களே கொளுத்தினார்கள் என்று பேச்சு கிளம்பியது, நிரூபணமாகவில்லை. ஆனாலும் அந்தத் தீயைப் புரட்சியாக்கிச் சொல்லுவதில் சிலருக்கு ஒரு கிளுகிளுப்பு. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. பிரதியை வாசகன் திருத்தி எழுதியதற்கு அடையாளம் வேண்டுமானால் அந்த ஓட்டைப் பலகைத் தடுப்புகளைப் பாருங்கள். தீ எதையும் எழுதவில்லை. அதன் பிறகு நிர்வாகம் போட்ட தடுப்புகள் இன்னொரு ரகம்: அவை மேலேயிருந்து வந்தவை, ஆசிரியனையும் கேட்கவில்லை, வாசகனையும் கேட்கவில்லை.

2000இல் கலைப்பள்ளி அங்கிருந்து வெளியேறி, சேப்பல் தெருவில் யூத சமூக மையமாக இருந்த கட்டடத்துக்குப் போனது. அதை மாற்றியமைத்தவர் டெபோரா பெர்க். 2008இல் பழைய கட்டடத்தை ருடால்ஃபின் மாணவர் சார்லஸ் குவாத்மி புதுப்பித்தார், பக்கத்திலேயே கலை வரலாற்றுத் துறைக்கு ஒரு இணைப்பும் கட்டினார். வரைகிறவர்கள் வெளியே, வரைந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே. கட்டடத்துக்குப் பால் ருடால்ஃப் ஹால் என்று பேரும் வைத்தாயிற்று. ஆசிரியன் செத்துப்போனான் என்று நாம் இங்கே கத்திக்கொண்டிருந்தோம். 1997இல் நிஜமாகவே செத்துப்போன ஆசிரியன் பதினொரு வருஷத்தில் பெயர்ப்பலகையில் திரும்பி வந்துவிட்டார். மீட்டெடுத்தது நல்ல வேலை என்றே கட்டடக்கலைக்காரர்கள் சொல்வார்கள், நானும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் மீட்டது யாருடைய வாசிப்பை? அந்த முப்பத்தேழு மட்டங்களில் பலகைத் தடுப்புக்கு ஒரு மட்டம்கூடக் கிடைக்கவில்லை.

சிற்பிகள் கதை வேறு. நிலத்தடியை விட்டு அவர்கள் போய்ச்சேர்ந்தது ஹாமண்ட் ஹால் என்கிற பழைய உலோகவியல் ஆய்வுக்கூடம். எந்த மேதையும் சிற்பத்துக்கென்று யோசித்துக் கட்டியதல்ல. கனத்த சாமானுக்காகக் கட்டியது, அதனால் சிற்பத்துக்கும் தோதாயிற்று. 2007இல் எட்ஜ்வுட் அவென்யூவில் கண்ணாடிச் சுவர்களோடு புதுக் கட்டடம் வரும்வரை, உலோகம் சோதித்த அந்தக் கூடத்தில்தான் அவர்கள் வேலை செய்தார்கள்.