ஒரு தம்ளர் சூடான பால்

புதுச்சேரி அரசுத் தொடக்கப் பள்ளிகளின் காலைப் பொழுதுக்குத் தனி அழகைத் தருவது பிள்ளைகள் இரு கைகளாலும் பொத்திப் பிடிக்கும் பால் தம்ளர் எனலாம். வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, வகுப்புக்கு முன்பே பாலும் பிஸ்கெட்டும் வழங்கும் ராஜீவ் காந்தி சிற்றுண்டித் திட்டம் இங்கே 2002இல் தொடங்கியது; நண்பகலில் பள்ளியிலேயே சோறிடும் மதிய உணவு முறையோ, பிரெஞ்சு ஆட்சியின்போது 1930இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் காமராசர் காலத்து மதிய உணவு 1956இல் ஊராரின் நன்கொடையோடு தொடங்கிற்று. பள்ளிக்கு வேண்டிய பொருளையும் பணத்தையும் ஊர்மக்களே கூடித் திரட்டித் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அக்காலத்தில் நடந்தன. அப்படி ஊராரிடம் உண்டியல் குலுக்காமலே பசியாற்றும் புதுச்சேரியின் ஏற்பாடு மேலானதுதான். ஆயினும், பால் சூடாக வந்து சேர்ந்தால்தான் அதற்குச் சுவை.