கக்காத மலையைச் சுற்றி ஒரு நடை

பௌர்ணமியன்று உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அது ஒரு காலத்துல எரிமலைங்க." மற்றவர்களும் தலையாட்டுவார்கள்.

கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதாவில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும் இருந்த மலை கலியில் கல்லாக நிற்கிறது என்பது தல மரபு. அதற்கு விஞ்ஞான முட்டுக் கொடுக்கப் போய்த்தான் எரிமலைக் கதை வளர்ந்திருக்க வேண்டும். மரபுக்கு அந்த முட்டு தேவையே இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்த மலையில் நடக்க ஆசைப்பட்டால் மகாராஷ்டிரத்தின் கல்சுபாய் சிகரத்துக்குப் போகலாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அங்கே கரும்பாறையாக, படிப்படியாக அடுக்கிக் கிடக்கும். அண்ணாமலையில் அந்த அடுக்கும் இல்லை, எரிமலை வாயும் இல்லை. பூமியின் அடியாழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனபின் வெளியே தெரிந்த பாறை அது. வெப்பம் கண்ட கல்தான். கக்கிய கல் அல்ல.

கிரிவலத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மலை என்றால் உச்சியைத் தொட வேண்டும் என்பது மலையேறிகளின் எண்ணம். இந்த வழக்கமோ 814 மீட்டர் மலையை ஏறாமலே, 14 கிலோமீட்டர் சுற்றி வந்து பார்க்கச் சொல்கிறது. வழியில் வரும் இந்திர லிங்கத்தருகே மலைக்கு ஒரு முகம், நிருதி லிங்கத்தருகே இன்னொன்று, குபேர லிங்கத்தருகே அடையாளமே தெரியாத வேறொன்று. டிக்கெட் கிடையாது, வழிகாட்டி வேண்டாம், செருப்புகூட வேண்டாம். பாட்டியும் பேரனும் ஒரே வேகத்தில் நடந்து முடிக்கிற மலைநடை வேறு எங்கே இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற குறைகளை நான் பாதி மன்னித்துவிடுவேன்.

மீதிப் பாதியை மன்னிக்க முடியவில்லை. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் நடப்பது மலையைச் சுற்றி. பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை. கடைகளின் விளக்கு வெளிச்சத்தில் நிலாவே மங்குகிறது, மலை எம்மாத்திரம். அன்னதானத் தட்டும் பேப்பர் கப்பும் விடியும்போது காலில் மிதிபடுகின்றன.

இதைவிடப் பெரிய குறை, கூட்டத்தை நம்பி வளர்ந்த நகரம் சரிவின் மேலேயே ஏறியது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், பாறையும் மண்ணும் சரிந்து அடிவாரத்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று உச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அது சரியான முடிவு. உச்சிக்குப் போகாமல் கும்பிடக் கற்றுத்தந்த ஊரில் மலையேறுவதற்குத் தடை போட வேண்டி வந்ததுதான் வேடிக்கை.

என் யோசனை எளியது: பௌர்ணமியை விட்டு, சாதாரண நாளில் விடியற்காலை நான்கரை மணிக்கு நடையைத் தொடங்குங்கள். தார் ரோடு சுடுவதற்குள் முடித்துவிடலாம். மலையும் கண்ணுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளையும் கொஞ்சம் பாருங்கள். அங்கே உடைபடுவதும் அடியாழத்தில் வெந்த கல்தான். அதை யாரும் வலம் வருவதில்லை. ஜல்லியாகி லாரியில் போகிறது.